விண்டேஜ்: எந்த வருஷத்து வண்டி?

பழைய மோட்டார் சைக்கிள் விற்பனைக்கு வந்தால் இப்போதெல்லாம் ‘விண்டேஜ்’ என்ற சொல்லும் கூடவே வந்துவிடுகிறது. 1965-இல் செய்த ஜாவாவும் விண்டேஜ், 1992 யமஹா ஆர்எக்ஸ் 100-உம் விண்டேஜ், போன வருடம் ஷோரூமிலிருந்து இறங்கிய உருண்டை ஹெட்லைட் வண்டியும் விண்டேஜ். முதல் வண்டியே பழைய வண்டியாக இருக்கட்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் இந்த மூன்றையும் ஒன்றாக நினைத்து முன்பணம் கொடுத்துவிடுகிறார்கள். எனவே இந்தச் சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம்.

இதன் வேர் திராட்சைத் தோட்டத்தில் இருக்கிறது. லத்தீனில் வீனும் என்றால் திராட்சை மது, தேமெரே என்றால் பறித்தெடுப்பது. இரண்டும் சேர்ந்த விந்தேமியா, திராட்சை அறுவடை. பிரெஞ்சில் அது வந்தாஞ்ச் ஆனது. இன்றும் அங்கே திராட்சை பறிக்கும் பருவத்துக்கு அதுதான் பெயர். பிரெஞ்சு வழியாக 15ஆம் நூற்றாண்டுவாக்கில் ஆங்கிலத்துக்குப் போய் விண்டேஜ் ஆயிற்று. முதலில் அறுவடை, பிறகு ஒரு வருடத்து அறுவடை, அதன்பின் அந்த வருடத்துத் திராட்சையில் செய்த மது என்று பொருள் நகர்ந்தது. ஆக, வெறும் பழமையைக் குறிக்க இந்தச் சொல் பிறக்கவில்லை. ‘எந்த வருஷத்து வெள்ளாமை?’ என்ற கேள்விதான் இதன் அடியில் இருக்கிறது. பழைய வண்டி வாங்கப் போகிறவருக்கு அதைவிட நல்ல முதல் கேள்வி கிடையாது.

வண்டிகளுக்கு இந்தச் சொல் வந்தபோதும் வருடக் கணக்கோடுதான் வந்தது. பிரிட்டனில் 1919 முதல் 1930 முடிய உருவான கார்களுக்கு விண்டேஜ் என்று பெயர். அங்கே 1946-இல் தொடங்கிய விண்டேஜ் மோட்டார் சைக்கிள் சங்கமும் 1931-க்கு முந்தைய வண்டிகளுக்காகவே பிறந்தது. இந்தியாவில் 2021-இல் மத்திய மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி ஒரு வரையறை கொண்டுவந்தார்கள். முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டியிருக்க வேண்டும். சேஸி என்கிற சட்டகத்திலும் எஞ்சினிலும் பெரிய மாற்றம் செய்யாமல் மூல வடிவில் இருக்க வேண்டும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 ஆண்டுக்குச் செல்லும், எண் பலகையில் ‘விஏ’ என்ற எழுத்துகள் வரும். முக்கியமான நிபந்தனை ஒன்று: அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடம் ஓட்ட முடியாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது மாதிரியான தேவைகளுக்கு மட்டும்தான். தினமும் கல்லூரிக்கோ வேலைக்கோ போக வண்டி தேடுகிறவர் இந்தப் பதிவை நினைக்கவே வேண்டாம்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘தொன்மையான’ என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அது ஒட்டவில்லை. தொல் என்றதும் மனம் கீழடிக்குப் போய்விடும், 1960-களின் வண்டிக்கு அது ரொம்பத் தூரம். ‘பழைய’ என்றால் மதிப்பு இறங்கிவிடும். ஆனால் அதே அடிச்சொல் ‘பழம்’, ‘பழங்’ என்று முன்னொட்டாக வரும்போது ஒரு மரியாதை ஏறிக்கொள்கிறது. பழைய நடிகர் வேறு, பழம்பெரும் நடிகர் வேறு. அதனால் விண்டேஜுக்குப் பத்திரிகைகள் ஏற்கெனவே புழங்கும் ‘பழங்கால’ என்பதே சரி: பழங்கால மோட்டார் சைக்கிள், தனித்தமிழ் வேண்டுவோருக்குப் பழங்கால உந்துருளி. விண்டேஜ் வயதை இன்னும் எட்டாத, ஆனால் மதிப்புள்ள பழைய வண்டியான கிளாசிக்குக்குச் ‘செவ்வியல்’ இருக்கிறது. ரெட்ரோவுக்குப் ‘பழம்பாணி’ பொருந்தும். பாணிதான் பழசு, வண்டி புதுசு. 2009-இல் வந்த ராயல் என்ஃபீல்டு கிளாசிக்கும், 2018-இல் திரும்பி வந்த ஜாவாவும் பழம்பாணி வண்டிகளே. பெயரில் கிளாசிக் இருப்பதால் அது மாறாது.

இந்த மூன்றில் முதல் வண்டிக்கு எது? ஓட்டவே இனிமேல்தான் கற்க வேண்டும் என்றால் நான் பழங்கால வண்டியைச் சொல்ல மாட்டேன். பழைய புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில், இன்றைய வண்டிகளுக்கு நேர் எதிர். கியர் முதலாவது மேலே, மற்ற மூன்றும் கீழே. அவசரத்தில் கால் பழக்கத்துக்குப் போய் பிரேக் என்று கியரை மிதிக்கும். ஸ்டார்ட் செய்வதும் ஒரு வித்தை: சாவியைப் போட்டு, மின்னோட்டம் காட்டும் அம்மீட்டரின் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெதுவாக அழுத்தி, எஞ்சினுக்குள் அழுத்தத்தைத் தளர்த்தும் டிகம்ப்ரஸ்ஸர் லீவரைப் பிடித்தபடி இன்னும் சற்றே நகர்த்தி, கிக்கரை மேலே வரவிட்டு, அப்புறம்தான் முழு உதை. அவசரப்பட்டால் கிக்கர் திருப்பி அடிக்கும். ஜாவாவிலோ கியர் போடும் அதே லீவரைத் திருப்பித்தான் உதைக்க வேண்டும். பெட்ரோலிலேயே ஆயில் கலக்க வேண்டும்.

ஓரளவு ஓட்டிப் பழகியவர், வார இறுதியில் மெக்கானிக் பக்கத்தில் உட்காரப் பொறுமை உள்ளவர் என்றால் புல்லட்டையே எடுக்கலாம். அந்த வார்ப்பிரும்பு எஞ்சின் அரை நூற்றாண்டுக்கும் மேலாக அடிப்படை மாறாமல் வந்ததால் பாகம் கிடைக்கும், கை வைக்கத் தெரிந்தவரும் கிடைப்பார். ஜாவாவும் யெஸ்டியும் செய்த மைசூர்த் தொழிற்சாலை 1996-இல் மூடப்பட்டது. பாகம் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆர்எக்ஸ் 100 துள்ளலான வண்டிதான், ஆனால் ஆசைக்கு ஏறிய விலை, போலிப் பாகங்களும் அதிகம். தினமும் ஓட வேண்டும், பழைய வாசமும் வேண்டும் என்பவருக்கு என் முதல் பரிந்துரை 1985-இல் வந்த ஹீரோ ஹோண்டா சிடி 100. அது இன்னும் பழங்கால வரையறைக்குள் வரவில்லை. இலேசான வண்டி, நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் என்பதால் பெட்ரோலில் ஆயில் கலக்க வேண்டாம், பெட்ரோலும் கம்மி.

எதை எடுத்தாலும் பெயிண்டைப் பார்ப்பதற்கு முன் ஆர்சி புக்கைக் கையில் வாங்குங்கள். தயாரிப்பு வருடம், பதிவு எதுவரை செல்லும், பழைய வண்டிகளுக்கான பசுமை வரி கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு குனிந்து எஞ்சின் கேஸிலும் சேஸியிலும் குத்தியிருக்கும் எண்களை ஒரு துணியால் துடைத்துவிட்டு, புக்கில் இருப்பதோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். எழுத்துகளின் ஆழம் ஒரே சீராக இல்லை, சுற்றி அரம் போட்ட தடம் தெரிகிறது என்றால் அந்த வண்டிக்கு விலையே பேச வேண்டாம்.