ஜியாரத்: சொல் விளக்கம்

‘ஜியாரத்’ அரபுச் சொல். ஒருவரைப் பார்க்கப் போவது என்பதுதான் அதன் நேர்ப்பொருள். தமிழ் முஸ்லிம்களிடமும் இது அன்றாடம் புழங்குகிறது: “நாகூருக்கு ஜியாரத்துக்குப் போனோம்”, “கபுரு (கல்லறை) ஜியாரத் செய்தோம்” என்பார்கள். நம் வழக்கில் அது ஒரு செயல். ஆப்கானியர் பேச்சில் இடத்துக்கும் அதுவே பெயர். சூஃபிப் பெரியவர் (இஸ்லாமிய ஞானி) ஒருவர் அடங்கியிருக்கும் இடமே அங்கே ஜியாரத்.

அதே வேர்ச்சொல்லில் பிறந்தது ‘மசார்’, பார்க்கப் போகும் இடம். ஆப்கானிஸ்தானின் மசாரே ஷெரீப் நகரின் பெயரில் இருப்பது இதுதான். நபிகளாரின் மருமகன் அலி அவர்கள் அடங்கியதாக உள்ளூர் மக்கள் நம்பும் தலத்தைச் சுற்றி வளர்ந்த ஊர் அது.

ஆப்கன் ஜியாரத் என்றதும் பெரிய குவிமாடம்தான் இருக்கும் என்று எண்ண வேண்டாம். சாலையோரத்தில் ஒரு கற்குவியல், அதில் நட்ட கம்பங்கள், கம்பங்களில் நேர்ச்சையாகக் கட்டிய வண்ணத்துணிகள். அவ்வளவே கொண்ட ஜியாரத்துகள் ஏராளம். பெரியவையும் உண்டு. ஹெராத் அருகே காஸுர்காவில், 11ஆம் நூற்றாண்டின் சூஃபி அறிஞர் குவாஜா அப்துல்லா அன்சாரியின் அடக்கத்தலத்தைத் தைமூரின் மகன் ஷாருக் 1425 வாக்கில் எழுப்பினார். 1863இல் இறந்த அமீர் தோஸ்த் முகம்மதும் அங்கேதான் அடங்கியிருக்கிறார். அரசருக்கும் ஒரு பெரியவரின் பக்கத்தில் இடம் வேண்டியிருக்கிறது! அதே ஹெராத்தில் குவாஜா கல்தான் ஜியாரத் இருக்கிறது. ‘கல்தான்’ என்றால் பாரசீகத்தில் உருள்பவர். வருகிறவர்கள் தரையில் படுத்து, கண்ணை மூடி, மனதில் ஒன்றை வேண்டிக்கொள்வார்கள். உடல் தானாக உருண்டால் நினைத்தது நடக்கும் என்பது நம்பிக்கை.

இந்த வழக்கங்களை மார்க்கத்துக்குப் புறம்பானவை என்பவர்களும் உண்டு. எதிர்ப்பு சொல்லோடு நிற்கவில்லை. 2022 ஏப்ரலில் காபூலின் கலீஃபா சாஹிப் பள்ளிவாசலில் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் பின் திக்ருக்குக் (இறைவனின் பெயரைச் சொல்லி நினைவுகூரும் சூஃபி வழக்கம்) கூடியவர்கள் மீது குண்டு வெடித்தது. ஆனால், கபுருகளைப் போய்ப் பாருங்கள் என்று நபிகளார் அனுமதித்த செய்தி ஹதீஸிலேயே (நபிமொழித் தொகுப்பு) உள்ளது. சர்ச்சை, போவதைப் பற்றியதைவிட, போன இடத்தில் என்ன கேட்கிறோம் என்பதைப் பற்றியதுதான்.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? செய்திகளில் ‘வழிபாட்டுத் தலம்’ என்று எழுதுகிறார்கள். அது தவறு, அடங்கியவரை யாரும் அங்கே தொழுவதில்லை, ஸலாம் சொல்லி துஆ (வேண்டுதல்) கேட்கிறார்கள். ‘சமாதி’க்கு யோக மரபின் பொருள் உண்டு. ‘யாத்திரை’ என்றால் நெடும்பயணம். தெருமுனை ஜியாரத்துக்கு அது பொருந்தாது. ‘தர்கா’ நெருக்கமானது, ஆனால் கற்குவியலை யாரும் தர்கா என்று சொல்வதில்லை. இடத்தைக் குறிக்க ‘இறைநேசர் அடக்கத்தலம்’ என்பதே என் தேர்வு. வலியுல்லா என்பதற்கு ஈடாகத் தமிழ் முஸ்லிம்கள் ‘இறைநேசர்’ என்றுதான் எழுதுகிறார்கள். செயலைக் குறிக்க ‘ஜியாரத்’ என்றே எழுதலாம். அது ஏற்கெனவே தமிழாகிவிட்ட சொல்.