சாப்பாட்டுக்கு முன்

வண்ணாரப்பேட்டையில் சின்னதாக ஒரு கிளினிக் வைத்திருக்கிறேன். ஒரு நாள் காலை பதினொரு மணிக்கு, ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மாவை அவர் மகள் ஆட்டோவில் அழைத்துவந்தாள். மூன்று வீடுகளில் வேலை செய்பவர். ஜாக்கெட் நனைந்து ஒட்டும் அளவுக்கு வியர்வை, கை நடுக்கம், கேட்டதற்குச் சம்பந்தமில்லாத பதில். விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை வெறும் 48. விழுங்கும் அளவுக்கு நினைவு இருந்ததால் மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தோம். கால் மணி நேரத்தில் 92-க்கு ஏறியது. பேச்சும் தெளிந்தது.

“காலையில சாப்டீங்களாம்மா?”

“ஆச்சும்மா.”

மகள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஏதோ உறுத்தியது. “நேத்து ராத்திரி என்ன சாப்டீங்க?” என்று மாற்றிக் கேட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், “ராத்திரி புள்ளைங்களுக்கு இருந்துச்சு. எனக்கு வேணான்னு இருந்துச்சு” என்றார். காலையில் ஒரு டீ. அதோடு மாத்திரை. “மாத்திரைய மட்டும் விடக்கூடாதுன்னு நீதானம்மா சொன்ன?”

சொன்னது நான்தான். அவருடைய சீட்டை வாங்கிப் பார்த்தேன். சர்க்கரை நோய்க்கான கிளிமெபிரைடு மாத்திரை, காலையில் ஒன்று, அதற்கு நேராக என் கையெழுத்தில் ‘சாப்பாட்டுக்கு முன்’. சாப்பாடு இருக்கிறதா என்று கேட்காமலே அதை எழுதியிருக்கிறேன். எத்தனை வருடமாக, எத்தனை பேருக்கு எழுதியிருப்பேன் என்று அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

இந்த வகை மாத்திரை கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். வயிற்றில் சாப்பாடு இருக்கிறதா என்று அது பார்க்காது. வேலையும் பல மணி நேரம் நீடிக்கும். அதனால் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து, தெளிந்துவிட்டார் என்று வீட்டுக்கு அனுப்பினால் மத்தியானம் மறுபடியும் இறங்கும். கட்டாயம் சோறோ இட்லியோ உள்ளே போக வேண்டும். ஒருவேளை ஆள் நினைவில்லாமல் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். 108-ஐக் கூப்பிடுங்கள்.

சரி, சென்னையில் பசி எங்கே இருக்கிறது என்று என் நண்பர்களே கேட்கிறார்கள். ரேஷனில் அரிசி இலவசம். துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்குக் கிடைக்கிறது. 2013-இல் தொடங்கிய அம்மா உணவகத்தில் இட்லி ஒரு ரூபாய். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2022 முதல் காலை உணவும் வந்துவிட்டது. இவை எதையும் நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். இவை இல்லாத ஊரில் மருத்துவம் பார்க்க எனக்குத் தைரியம் கிடையாது. ஆனால் அந்த அம்மா விடியற்காலை ஐந்தரைக்குக் கிளம்பி முதல் வீட்டுக்குப் போகிறவர். உணவகம் திறக்கும் நேரத்தில் அவர் யாரோ ஒருவர் வீட்டுப் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருப்பார். மாசக் கடைசியில் அரிசி இருக்கும், சிலிண்டர் தீர்ந்திருக்கும். இல்லாவிட்டால் வாரத் தவணையைக் கடன் குழுவில் கட்ட வேண்டியிருக்கும். பேரனுக்குப் பள்ளியில் ஆகிவிடுகிறது. வீட்டில் மீதி இருப்பதைக் கடைசியாகச் சாப்பிடுகிறவரும், அது இல்லாதபோது முதலில் விட்டுக்கொடுப்பவரும் ஒரே ஆள்தான்.

அந்தப் பசி என் கிளினிக்குக்குப் பசி என்ற பேரில் வருவதில்லை. ‘வயித்துல கேஸ்’ என்று வரும். ‘கிறுகிறுன்னு வருது’, ‘ஒடம்பெல்லாம் அசதி’, ‘தலைவலி போகவே மாட்டேங்குது’ என்று வரும். நாமும் கேஸுக்கு ஒரு மாத்திரை, சத்துக்கு ஒரு மாத்திரை என்று எழுதி அனுப்பிவிடுகிறோம். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. எல்லாவற்றுக்கும் பசிதான் காரணம் என்று சொல்லவில்லை. மாதவிடாயில் அதிகம் போவது, குடல் புழு எல்லாம் உண்டு. ஆனால் ஹீமோகுளோபின் 8 என்று வரும் பெண்ணிடம், பருப்பு கடைசியாக என்றைக்கு வைத்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

ஏன் மறைக்கிறார்கள் என்பதற்கு விடை எனக்கு மருத்துவப் புத்தகத்தில் கிடைக்கவில்லை. சங்க இலக்கியமான சிறுபாணாற்றுப்படையில் கிடைத்தது. பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். இடைக்கழிநாடு என்ற பேரில் கிழக்குக் கடற்கரைச் சாலையில், செய்யூர் பக்கம் இன்றும் ஊர் இருக்கிறது. அவர் காட்டும் அடுக்களையில் கூரை விழுந்துகிடக்கிறது, கரையான் அரித்த சுவரில் காளான் பூத்திருக்கிறது. கண் திறக்காத குட்டிகள் வற்றிய மடியைச் சப்ப, தாங்க முடியாமல் தாய் நாய் குரைக்கிறது. பசியில் இளைத்த ஒரு பெண் குப்பையில் முளைத்த வேளைக் கீரையை நகத்தால் கிள்ளிவந்து உப்பில்லாமல் வேகவைக்கிறாள். பிறகு கதவைச் சாத்திவிட்டுச் சுற்றத்தோடு சேர்ந்து உண்கிறாள். ‘மடவோர் காட்சி நாணிக் கடையடைத்து’ என்கிறார் புலவர். வறுமை இன்னதென்று அறியாதவர்கள்தான் அந்த மடவோர். அவர்கள் கண்ணில் பட வெட்கப்பட்டுக் கதவு சாத்தப்படுகிறது. அந்த இடத்தைப் படித்தபோது, கதவுக்கு வெளியே ஸ்டெதஸ்கோப்போடு நிற்பது நான்தான் என்று பட்டது. “ஆச்சும்மா” என்பது அந்த அம்மா என் முகத்துக்கு நேராகச் சாத்திய கதவு.

தமிழில் ‘சாப்டாச்சா’ என்பது நலம் விசாரிக்கும் வார்த்தை. அதற்கு ‘ஆச்சு’ என்பதுதான் மரியாதையான பதில். வாசலில் பார்க்கிறவர்கள் கேட்டாலும் அதே பதில், டாக்டர் கேட்டாலும் அதே பதில். அதனால் இப்போது நான் அப்படிக் கேட்பதை விட்டுவிட்டேன். நேற்று காலையிலிருந்து என்னென்ன சாப்பிட்டீர்கள், யார் யார் சாப்பிட்டார்கள், தொட்டுக்கொள்ள என்ன என்று கதை கேட்பதுபோல் கேட்கிறேன். இரண்டு நிமிடம் கூடுதலாக ஆகும். வெளியே கூட்டம் முணுமுணுக்கும். பரவாயில்லை.

எங்கள் பக்கத்துப் பழைய ஆட்கள் ஸ்டான்லி ஆஸ்பத்திரியைக் ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’ என்பார்கள். 1780களில் ஹைதர் அலியோடு நடந்த போரும் பஞ்சமும் விரட்ட, பட்டணத்துக்குள் ஓடிவந்த ஜனங்களுக்கு மணியக்காரர் சத்திரத்தில் கஞ்சி ஊற்றினார்கள். அந்த இடத்தை ஒட்டித்தான் பின்னால் ஆஸ்பத்திரி வளர்ந்தது. இந்த ஊரில் கஞ்சி முதலில் வந்தது, மருந்து அப்புறம் வந்தது. கிள்ளிவளவன் என்ற சோழ அரசன், சிறுகுடி கிழான் பண்ணனைப் ‘பசிப்பிணி மருத்துவன்’ என்றே பாடியிருக்கிறான். அந்தப் பாட்டில் பண்ணன் வீட்டிலிருந்து பிள்ளைகள் கையில் சோற்றோடு வரிசையாகப் போகிறார்கள், முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்குப் போகும் எறும்பு வரிசை மாதிரி. எனக்குத் தெரிந்து ஒரு மருத்துவரின் வேலையை இவ்வளவு அழகாகச் சொன்ன வரி வேறு இல்லை.

1877 பஞ்சத்தின்போது, நிவாரண வேலை செய்யும் ஆளுக்கு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது சுமார் 450 கிராம், போதும் என்று ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி கணக்குப் போட்டார். அதோடு ஏதோ சில்லறைக் காசு. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி அப்படிப்பட்ட நிவாரண வேலையாக வெட்டியதுதான். அந்த ஒரு பவுண்டு உடம்புக்குப் போதாது என்று எதிர்த்து எழுதியவர் சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த கோர்னிஷ், ஒரு டாக்டர். என்ன சாப்பிடுகிறார்கள், எவ்வளவு சாப்பிடுகிறார்கள் என்று கேட்பது மருத்துவரின் வேலைதான் என்பதில் எனக்கு அதற்குமேல் சந்தேகம் இல்லை.

உங்கள் வீட்டில் வேலை செய்பவருக்குச் சர்க்கரை இருந்தால், வந்தவுடன் முதலில் சாப்பிடச் சொல்லுங்கள், வேலை அப்புறம். மிச்சமானதை மத்தியானம் டப்பாவில் கட்டிக் கொடுப்பது அவர் பிள்ளைகளுக்குத்தான் போகும். காலை ஏழு மணிக்கு உட்கார்ந்து சாப்பிடும் இரண்டு இட்லிதான் அவர் உடம்பில் சேரும்.

அந்த அம்மாவுக்கு மாத்திரையை மாற்றிவிட்டேன். சாப்பிடாத நாளில் சர்க்கரையை அந்த அளவுக்கு இறக்காத மாத்திரை இது. ‘சாப்பிட்ட பிறகு’ என்று பெரிதாக எழுதி, வாயாலும் சொல்லியிருக்கிறேன். இன்சுலின் போடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், உங்கள் டாக்டரைக் கேளுங்கள். போன வாரம் காலை ஆறேகாலுக்கு அவர் மகள் போன் செய்தாள். “டாக்டர், அம்மா ராத்திரி சாப்பிடல. மாத்திரை போடலாமா?”

“இப்ப வேணாம். வீட்டுல என்ன இருக்கு?”

“பழைய சோறு இருக்கு.”

“மோர்?”

“வாங்கிட்டு வரேன்” என்றாள்.