வைரத்தைத் தின்னும் பங்கசு

அக்கரைப்பற்றுப் பக்கமிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். ஊர்க் கோயில் வீதியில் நின்ற பெரிய மருத மரம், மாரி மழை விட்ட ஒரு காலையில், இலைகூட அசையாத நேரத்தில் அடியோடு சரிந்துவிட்டதாம். முதல் நாள் வரை பச்சைப்பசேலென்று நின்ற மரம். விழுந்தபின் பார்த்தால் அடிமரம் வெறும் கோறை. ‘தெய்வக் குற்றம்’ என்று ஊரில் பேச்சு. பக்கத்தில் நிற்கும் மற்ற மருதையும் தறித்துவிடலாமா என்று கேட்கிறார்.

தெய்வத்தின் மேல் பழியைப் போடுமுன் பங்கசை விசாரித்துவிடுவோம்.

மரத்தின் உயிர் வெளிப்புறத்தில் இருக்கிறது. பட்டைக்கு உள்ளே புதுமரத்தை வளர்க்கும் மாறிழையம், அதற்கும் உள்ளே நீரை மேலேற்றும் மென்வைரம். நடுவிலுள்ள வன்வைரம் செத்த பகுதி. தச்சர் தேடுவது அதைத்தான். இலைக்கோ அதன் வழியாக ஒரு சொட்டு நீரும் போவதில்லை. ஆகவே நடு முழுவதும் உக்கிப்போனாலும் மரம் தளிர்க்கும், பூக்கும், காய்க்கும்.

பங்கசின் வித்தி உள்ளே போக ஒரு காயம் போதும்: முறிந்த கிளை, கோடரி வெட்டு, மண்வெட்டி பட்ட வேர். அமெரிக்க வனத்துறையில் வேலைசெய்த அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை வாளால் பிளந்து பார்த்தவர். மரம் காயத்தை ஆற்றுவதில்லை, அதைச் சுற்றித் தடுப்புப் போட்டு அடைத்துவிட்டு வெளியே புதுமரத்தை வளர்க்கிறது என்று 1970களில் அவர் விளக்கினார். அடைபட்ட பகுதிக்குள் பங்கசு ஆறுதலாகத் தின்றுகொண்டிருக்கும். 1978 நவம்பர் 23 சூறாவளி நம் பக்கத்து மரங்களில் முறித்த கிளைகளின் கணக்கு, வயதான சில மரங்களுக்குள் இன்னும் தீராமல் இருக்கக்கூடும்.

இனி, எனக்குப் பிடித்த இடம். மரக் கலத்தின் சுவர் செலுலோசு நார்களால் ஆனது. அந்த நார்களைப் பிணைத்து மூடியிருப்பது இலிக்னின். மரத்தின் எடையில் ஏறத்தாழ 20 முதல் 30 சதவீதம் வரை அதுதான். செலுலோசு ஒழுங்கான பொருள். குளுக்கோசைக் கோத்த சங்கிலி. எங்கே தொட்டாலும் ஒரே வகைப் பிணைப்பு. பொருத்தமான நொதியம் இருந்தால் அறுத்துவிடலாம். இலிக்னினில் அந்த ஒழுங்கு கிடையாது. வளையங்கள் பலவகைப் பிணைப்புகளால் தாறுமாறாகப் பின்னிக் கிடக்கின்றன. நொதியத்துக்குப் பிடி அகப்படாது. போதாததற்கு, உக்காத மரத்தின் கலச்சுவரிலுள்ள நுண்துளைகள் நொதிய மூலக்கூறு நுழைய முடியாத அளவுக்குச் சிறியவை.

வெண்ணிற உக்கலை உண்டாக்கும் பங்கசுகள் இதற்குக் கண்டுபிடித்த வழி, இலத்திரன் திருட்டு. பங்கசு இழை முதலில் ஐதரசன் பரவொட்சைட்டை உண்டாக்குகிறது. காயத்தில் ஊற்றினால் நுரைக்குமே, அதே திரவம். அது, நடுவில் இரும்பு அணு கொண்ட ஒரு நொதியத்திடமிருந்து இரண்டு இலத்திரன்களைப் பிடுங்குகிறது. பறிகொடுத்த நொதியம் எதிர்ப்படும் மங்கனீசு அயன்களிடமிருந்து அந்த இழப்பை ஒவ்வொன்றாக ஈடுசெய்துகொள்கிறது. மரத்தில் மங்கனீசு எப்போதும் கொஞ்சம் உண்டு. இலத்திரனை இழந்த மங்கனீசு தனியே நிலைத்திருக்காது. பங்கசு சுரக்கும் ஒட்சாலிக்கமிலம் அதைப் பற்றிக்கொள்கிறது. இந்தச் சோடி மிகச் சிறியது. நொதியம் புக முடியாத துளைக்குள் புகுந்து, இலிக்னின் வளையம் ஒன்றிடமிருந்து இலத்திரனைப் பறித்துவிடுகிறது. பழைய நிலைக்கு வந்த மங்கனீசை நொதியம் மறுபடியும் வேலைக்கு அனுப்பலாம். வேலிக்கு வெளியே நின்று மாங்காய்க்குக் கல்லெறியும் பையனுக்கு, எறிந்த கல்லே கைக்குத் திரும்பி வந்தால் எப்படி இருக்கும்!

இலத்திரனை இழந்த வளையமோ நிலைகுலைந்து தன் பிணைப்புகளைத் தானே உடைத்துக்கொள்கிறது. எந்தப் பிணைப்பு என்று பங்கசு பார்க்க வேண்டியதே இல்லை. இவ்வளவு பாடுபட்டும் இலிக்னினை மட்டும் தின்று அதனால் பிழைக்க முடியாது. செலுலோசுக்கு வழிதிறக்கத்தான் இத்தனையும்.

இவ்வகை நொதியங்களில் முதலாவதை, மங்கனீசின் துணையில்லாமல் நேரடியாகவே திருடும் ஒன்றை, அமெரிக்காவில் இரண்டு குழுக்கள் தனித்தனியே 1983இல்தான் கண்டறிந்தன. இலிக்னினை விட்டுவிட்டுச் செலுலோசை மட்டும் தின்னும் பங்கசுகளும் உண்டு; அவை மரத்தைக் கபில நிறக் கட்டி கட்டியாக வெடிக்கவைக்கும். ஊசியிலை மரங்களில்தான் அது அதிகம்.

வாசகருடைய மருதின் அடித்துண்டு இன்னும் கிடந்தால் ஒரு பிடி எடுத்துப் பாருங்கள். வெளிறிப்போய், விரலால் நெருடினால் ஈர நாராகப் பிரியும். உக்கலுக்குள் மயிரிழைத் தடிப்பில் கறுப்புக் கோடுகள் வளைந்து ஓடலாம். பெரும்பாலும் அவை ஒரு பங்கசு இன்னொன்றை எதிர்ப்பட்ட இடத்தில் போட்டுக்கொண்ட எல்லை. கறுப்பு நிறம் மெலனின் என்ற நிறப்பொருளுடையது.

அது எந்த இனம் என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் வேண்டும். பேராதனையில் 1905 முதல் அரசாங்கப் பங்கசு ஆய்வாளராக இருந்த தோமஸ் பெட்ச் தொகுத்த இலங்கைப் பங்கசுப் பட்டியல், அவர் இறந்தபின் 1950இல் அச்சேறியது. நெல்லைத் தாக்கும் பங்கசுக்கு ஆய்வுப் பணம் கிடைக்கும், கிடைக்கவும் வேண்டும். உக்கல் மரத்துக்கு யார் கொடுப்பார்? வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் பல்கலைக்கழகங்கள், கைக்கெட்டும் தூரத்தில் கல்லோயாக் காடு. ஒரு மாணவருக்கு நுணுக்குக்காட்டியும் பஸ் காசும் கொடுத்து இரண்டு மாரி அலையவிட்டால் போதும் என்பது என் கட்சி. பரிகாரப் பூசைக்குச் சேரும் பணத்தில் ஒரு பங்கு போதுமே.

காற்றில்லாமல் விழுந்ததற்கு வருவோம். கோறை மட்டும் மரத்தை விழுத்தாது. குழாய் எளிதில் முறியாது. உக்காத சுவரின் தடிப்பு ஆரையின் மூன்றிலொரு பங்குக்குக் குறைந்தால்தான் மரப் பரிசோதகர்கள் பொதுவாகக் கவலைப்படுவார்கள். உக்கல் வேருக்கும் இறங்கியிருந்தால் கதை வேறு. மழையில் ஊறிய மண் பிடியை விடும், நனைந்த கிளைகளின் பாரம் கூடும். அதற்குமேல் காற்று எதற்கு?

ஆகவே மற்ற மருதைத் தறிக்க அவசரப்பட வேண்டாம். கோறை மரங்களில்தான் இருவாய்ச்சி முட்டையிடுகிறது, தேனீ கூடு வைக்கிறது. முதலில் அடிமரத்தைச் சுற்றிப் பாருங்கள். தட்டையாக, மரக்கட்டைபோல் கெட்டியான காளான் நீட்டிக்கொண்டிருக்கிறதா? அதைச் சுற்றிக் கபிலத் தூள் படிந்திருந்தால் அது மரத்தை உக்கவைக்கும் கனோடெர்மா என்ற பங்கசின் வித்தியாக இருக்கலாம். வீதிக்குச் சீமெந்து போட்டபோது வேரை வெட்டினார்களா என்றும் விசாரியுங்கள். இரண்டுக்கும் ‘ஆம்’ என்றால், அடுத்த மாரிக்கு முன் மரம் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டு வேர்ப்பக்கத்தைத் தோண்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை தேர் இழுக்கும் சனத்தை அதன் கீழ் நிற்கவிட வேண்டாம். கோறையைச் சீமெந்தால் அடைக்கிற வேலை மட்டும் கூடவே கூடாது. அது ஈரத்தை உள்ளே பூட்டிவைக்கும்.