பியூஸ் என்கிற உருகி

போன வாரம் பட்டர்வொர்த்தில் ஒரு பெட்ரோல் நிலையத்தின் ஓரமாக நின்று, காடியின் சிகரெட் லைட்டர் துளையில் சின்னப் பம்பு ஒன்றைச் செருகி டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தேன். பாதியில் பம்பு நின்றுவிட்டது. அதற்கப்புறம் கைப்பேசிக்கும் அந்தத் துளையில் சார்ஜ் ஏறவில்லை. நேராகப் பக்கத்து ஊரான பிறைக்குப் போய்த் தெரிந்த போமனிடம் காட்டினேன். (போமன் என்றால் மெக்கானிக்தான். ஃபோர்மேன் என்ற ஆங்கிலச் சொல் மலாய் வாயில் தேய்ந்து நம்மிடம் வந்தது.) ஸ்டீயரிங்குக்குக் கீழே இருந்த மூடியைக் கழற்றினார். குட்டி பிளாஸ்டிக் இடுக்கியால் நகக்கண் அளவு நீலத் துண்டு ஒன்றைப் பிடுங்கி வெளிச்சத்தில் பிடித்தார். உள்ளே வளைந்த உலோகப் பட்டை நடுவில் அறுந்து, ஓரம் கருகியிருந்தது.

"பியூஸ் போச்சுண்ணே, வேற ஒன்னும் இல்ல."

பியூஸ் என்ற சொல்லின் வேர் இலத்தீனில் இருக்கிறது. உருக்கி ஊற்றுவதைக் குறிக்கும் 'ஃபுந்தெரே' என்ற வினையிலிருந்து வந்தது. வெடியின் திரிக்கும் ஆங்கிலத்தில் பியூஸ் என்றே பெயர். ஆனால் அது வேறு குடும்பம். நூல் நூற்கும் கதிரின் பெயரிலிருந்து இத்தாலி வழியாக வந்தது. நாமோ பல்பு எரியாவிட்டாலும் 'பியூஸ் போச்சு' என்கிறோம். அங்கே அறுவது இழை.

தமிழில் இதற்கு உருகி, மின்னுருகி, உருகு கம்பி என்றெல்லாம் எழுதுகிறார்கள். பழைய வீடுகளில் பீங்கான் கட்டையில் சுற்றிய கம்பிக்கு 'உருகு கம்பி' பொருந்தும். காடியில் இருப்பது பட்டை. அதற்கு 'உருகி' போதும். உருகு என்ற வினையோடு இகரம் சேர்ந்து உருகுவதற்கே பெயராகிறது. மின்தூக்கி, குளிரூட்டி எல்லாம் இதே அச்சு. ஆனால் அவை மற்றவற்றைத் தூக்கும், குளிர்விக்கும். உருகி தானே உருகும். சிலர் ஒரு க் சேர்த்து 'உருக்கி' என்று எழுதிவிடுகிறார்கள். அது மற்றதை உருக்குவது; பொருளே தலைகீழ்.

தானே உருகுவதுதான் அதன் வேலை. 12 வோல்ட்டில் 120 வாட் பொருள் 10 ஆம்பியர் இழுக்கும். 240 வாட் என்றால் 20. என் துளைக்குப் போட்டிருந்தது 15 ஆம்பியர் உருகி. பம்பு அதற்குமேல் இழுத்ததும் ஒயர் சூடேறும் முன்பே பட்டை அறுந்து வழியை அடைத்துவிட்டது. நிறமே அளவைச் சொல்லும்: சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. அடிக்கடி போகிறதே என்று நீலம் இருந்த இடத்தில் பச்சையைச் செருகுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்புறம் டாஷ்போர்டுக்குள் ஓடும் ஒயரே உருகியாகிவிடும்.

எழுத்தில் இன்னொரு வேடிக்கை. 'உருகி போயிற்று' என்றால் பியூஸ் போய்விட்டது. நடுவில் ஒரு ப் போட்டு 'உருகிப் போயிற்று' என்றால் கரைந்தே போயிற்று. பேச்சில் அந்த ப் யார் காதிலும் விழாது.

சரி, சோதித்துப் பார்ப்போமே என்று காசு கொடுக்கும்போது போமனிடம் சொன்னேன்: "அப்போ உருகி போச்சு, அவ்வளவுதானே தம்பி?"

புது நீலத் துண்டை அழுத்திச் செருகியபடியே சொன்னார்: "ஆமாண்ணே, நல்லா உருகித்தான் போச்சு."