கீமோ நாட்களில் வளவைச் சுற்றி ஒரு நடை

புற்றுநோய்க்குக் கீமோ ஏற்றிக்கொண்டு காரைக்குடி வீட்டுக்குத் திரும்பும் ஆச்சியைப் பார்க்க வருகிற சொந்தபந்தமெல்லாம் ஒன்றையேதான் சொல்லும்: "அசையாமப் படுத்திருங்க ஆச்சி, ஒடம்பு தேறட்டும்." பாசத்தில் சொல்வதுதான். ஆனால் கீமோ சோர்வு தூங்கி எழுந்தால் தீர்கிற அசதி அல்ல.

வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்குவது கீமோ மருந்துகளின் வேலை. அதில் புற்றுநோய்ச் செல்லோடு எலும்பு மஜ்ஜையில் ரத்த அணுக்களை உண்டாக்கும் செல்களும் மாட்டிக்கொள்கின்றன. ஹீமோகுளோபின் இறங்குகிறது, உடம்பில் அழற்சி கூடுகிறது, வாய்க் கசப்பில் சாப்பாடும் இறங்காது. இதற்கு மேல் படுத்தே கிடந்தால் தொடைத் தசை கரையும். அப்புறம் குளியலறை வரை போவதற்கே மூச்சு வாங்கும், மறுபடி படுக்கைதான். நடை அறுப்பது இந்தச் சுழலைத்தான். வேலை கொடுத்த தசை புரதத்தைச் சேர்த்துக்கொள்கிறது. அதன் செல்களுக்குள் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாக்கள் பெருகுகின்றன.

குணப்படுத்தும் நோக்கில் சிகிச்சை பெறுகிறவர்களுக்கு, சிகிச்சை நடக்கும்போதே உடற்பயிற்சியைப் பரிந்துரைக்கச் சொல்கிறது அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர்கள் சங்கத்தின் 2022 வழிகாட்டுதல். சோர்வு குறைய வாரம் 3 நாள், 30 நிமிடம் மிதமான பயிற்சி என்பது 2019இல் வல்லுநர் குழு சொன்ன அளவு. கீமோவுக்குப் பதிலாக நடை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

முப்பது நிமிடத்தையும் ஒரே மூச்சில் நடக்க வேண்டியதில்லை, பத்துப் பத்தாகப் பிரிக்கலாம். செட்டிநாட்டு வெயிலில் தெருவுக்குப் போவானேன்? வளவை, அதாவது வீட்டின் நடுமுற்றத்தைச் சுற்றித் தூண் வரிசை நிழலிலேயே நடக்கலாம். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம். நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது தொடைக்கு நல்ல பயிற்சி.

தரையில்தான் கவனம் வேண்டும். பாக்லிடாக்செல், ஆக்ஸாலிபிளாட்டின் போன்ற மருந்துகள் நரம்பைப் பாதித்துப் பாதத்தை மரத்துப்போகச் செய்யும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை வழவழப்பு. ஈரம்பட்டால் கேட்கவே வேண்டாம். மரத்த கால் வழுக்குவது தாமதமாகத்தான் தெரியும். வீட்டுக்குள் செருப்பா என்று பெரியவர்கள் முகம் சுளித்தாலும், பின்வார் வைத்த ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டே நடக்கலாம்.

எலும்புக்குப் பரவியிருந்தாலும், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் மிகக் குறைந்திருந்தாலும் மருத்துவரைக் கேட்காமல் எடை தூக்கக் கூடாது. பல மருந்துகளில் ஊசி போட்டு 7 முதல் 14 நாளுக்குள், நோய்த்தொற்றை எதிர்க்கும் வெள்ளணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும். அப்போது சந்தை, கோயில் கூட்டம் வேண்டாம். காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் நடையை விட்டுவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போன் செய்ய வேண்டும், இரவானாலும் சரி.