ஈரம் ஓரிடம், ஓட்டை வேறிடம்

தமிழ்நாட்டில் கேரவன் என்றால் நடிகர்கள் ஒப்பனை போட்டுக்கொள்ளும் வண்டிதான் நினைவுக்கு வரும். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் அது வேறு. பக்கியின் (இங்கே பிக்கப் வண்டியை அப்படித்தான் சொல்வோம்) பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துப்போகிற சின்ன வீடு. ஈஸ்டர் வந்தால் எங்கள் சாட்ஸ்வொர்த் ஆட்கள் இசிபிங்கோ மாரியம்மன் கோயிலுக்குப் போவார்கள். கேரவன் வைத்திருப்பவர்கள் கும்பிட்ட கையோடு ஸ்காட்பர்க், மார்கேட் என்று தென்கடற்கரைப் பக்கம் வண்டியைத் திருப்பிவிடுவார்கள்.

என் அத்தான் அப்படி ஒரு புதுக் கேரவன் வாங்கினார். மூன்றாவது மாதம் முன்பக்கக் கட்டிலுக்கு அடியில் புளித்த மாவு வாசனை வந்தது. அக்கா மெத்தையைத் தூக்கிப் பார்த்தார். வலது மூலையில், தரையை ஒட்டி, சுவர்ப் பலகை விரல் வைத்தால் உள்ளே போனது. வாங்கிய கடைக்கே கொண்டுபோனார்கள். உள்பக்கம் அந்த மூலையில் சிலிக்கன் பூசி, புதுப் பலகை அடித்து, துடைத்துக் கொடுத்தார்கள். ஐந்து வாரத்தில் அதே மூலை, அதே வாசனை.

கடைக்காரர்கள் ஏமாற்றினார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஈரம் தெரிந்த இடத்தை அடைத்தார்கள். தண்ணீர் நுழைந்தது அங்கே இல்லை. அது மேலே, கூரை ஓரத்தில், ஒன்றரை மீட்டர் தள்ளி இருந்தது.

கேரவன் சுவரைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் இது புரியும். வெளியே மெல்லிய அலுமினியத் தகடு, அல்லது கண்ணாடியிழை. நடுவில் வெள்ளைத் தெர்மோகோல் மாதிரி நுரை. நுரைக்கு இடையிடையே மரச்சட்டம். உள்ளே பூப்போட்ட தாள் ஒட்டிய ஒட்டுப்பலகை. எல்லாம் சேர்த்து மூன்று சென்டிமீட்டர் இருந்தால் அதிகம். மேலே எங்காவது ஒரு திருகுத் துளை வழியாகத் தண்ணீர் உள்ளே வந்தால், மரச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கீழே வழியும். உள்பக்கத் தாள் நீரை விடாது. அதனால் நடுவழியில் எங்கும் கறை தெரியாது. கடைசியில் கீழ்மூலையில் தேங்கி, பலகை ஊறி, தாள் உப்பும்போதுதான் நமக்குத் தெரியும். அதற்குள் பல வாரங்கள் போயிருக்கும்.

உள்ளே சிலிக்கன் பூசியது இன்னும் கெடுதல் செய்தது. தண்ணீர் வெளியேறிக்கொண்டிருந்த ஒரே வாசலையும் அடைத்து, சுவருக்குள் ஒரு குட்டையைக் கட்டியது போலாகிவிட்டது.

சரி, மழை மேலிருந்து கீழேதானே விழுகிறது? கூரை ஓரத்தில் ஒரு அலுமினியச் சட்டம் தகட்டின் மேல் படிந்து, திருகி வைக்கப்பட்டிருக்கிறது. வெய்யிலுக்குத் துணிப்பந்தல் கட்டுகிறோமே, அந்தப் பந்தலின் ஓரக் கயிற்றைச் செருகும் சட்டம் அது. அதன் அடியில் தண்ணீர் மேல்நோக்கி ஏறி எப்படி நுழையும்?

விளக்குத் திரி எண்ணெயை எப்படி மேலே இழுக்கிறதோ அப்படி. நீர் மூலக்கூறுகள் தங்களுக்குள் ஒட்டுவதை விடச் சுத்தமான பரப்புகளோடு இன்னும் இறுக்கமாக ஒட்டும். இரண்டு பரப்புகள் மிக நெருங்கி நின்றால் நடுவில் உள்ள நீர் மேலே இழுபடும். இடைவெளி குறையக் குறைய ஏற்றம் கூடும். பளிச்சென்று நனையும் இரண்டு தகடுகளுக்கு நடுவே 0.1 மில்லிமீட்டர் சந்து இருந்தால், கணக்குப்படி நீர் 15 சென்டிமீட்டர் வரை ஏறலாம். அகலமான ஓட்டையில் தண்ணீர் சொட்டிவிட்டுப் போய்விடும். கண்ணுக்குத் தெரியாத மயிரிழைச் சந்துதான் அதை உறிஞ்சி வைத்துக்கொள்ளும்.

இதோடு காற்றும் சேர்கிறது. என்3 நெடுஞ்சாலையில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் மழையில் போகும்போது, எதிர்காற்று முன்சுவரை அழுத்தும் அழுத்தம் ஏறக்குறைய 460 பாஸ்கல். அதாவது நான்கரை சென்டிமீட்டருக்குச் சற்றே அதிகமான உயரத்துக்கு நீரைத் தூக்கி நிறுத்தும் வலு. வீட்டு வாசலில் நிற்கும்போது ஒரு துளி ஒழுகாத கேரவன், மழையில் பீட்டர்மரிட்ஸ்பர்க் போய்த் திரும்பினால் நனைந்திருப்பது இதனால்தான். கடையில் ‘தண்ணீர் பீய்ச்சிப் பார்த்தோம், ஒன்றும் இல்லை’ என்று சொல்வார்கள். அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை.

இந்தச் சந்து முதலில் எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும். அலுமினியம் ஒரு டிகிரி சூடானால் மீட்டருக்கு 23 மைக்ரோமீட்டர் நீளும். கேட்கச் சின்னதாக இருக்கிறது. ஆனால் ஆறு மீட்டர் நீளமான கூரை, டிரேக்கன்ஸ்பர்க் மலையின் குளிர்காலை, அப்புறம் கடற்கரை வெய்யில் என்று 40 டிகிரி மாறினால், தகடு ஐந்தரை மில்லிமீட்டர் நீள வேண்டும். அதைத் தாங்கும் மரச்சட்டம் நார்வாக்கில் ஒரு மில்லிமீட்டர் அளவுக்குத்தான் நீளும். திருகுகள் இரண்டையும் விடமாட்டேன் என்று பிடித்திருக்கின்றன. மிச்சமுள்ள இழுபறி முழுவதையும் நடுவில் உள்ள பசைதான் தாங்கியாக வேண்டும்.

அதனால்தான் அங்கே காய்ந்து இறுகாத பியூட்டைல் ரப்பர் பசைப் பட்டையை வைக்கிறார்கள். மென்று எடுத்த பபிள்கம் போல எப்போதும் இளகலாக இருக்கும். தகடு நகர்ந்தால் அதுவும் நகரும். நல்ல ஏற்பாடுதான், ஒழுங்காக வைத்தால். ஆலை அவசரத்தில் நடப்பது வேறு. பட்டை ஒரு விரற்கடை குறைந்துபோகும். இரண்டு பட்டைகள் சேருமிடத்தில் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் முட்டி நிற்கும். மரத்தூள் படிந்த தகட்டின் மேலேயே ஒட்டிவிடுவார்கள். திருகு மரத்தில் இறங்காமல் நுரையில் இறங்கி, பிடிப்பே இல்லாமல் நிற்கும். அல்லது அளவுக்கு மேல் முறுக்கி, பசையெல்லாம் வெளியே பிதுங்கிவிடும். இவை எதுவும் விற்பனைக் கூடத்தில் தெரியாது. முதல் ஆயிரம் கிலோமீட்டரில், அதிலும் துணி துவைக்கும் கல் மாதிரி வரிவரியாகக் கிடக்கும் ஒரு மண்சாலையில், ஒவ்வொன்றாக வெளியே வரும். புது வண்டிதான் ஒழுகும் என்று அத்தான் எரிச்சலோடு சொன்னதில் கொஞ்சம் அறிவியல் இருக்கிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஒழுகல் கண்டதும் கடையில் ஒரு டியூப் சிலிக்கன் வாங்கி மேலே இழுத்துவிடாதீர்கள். சிலிக்கன் காய்ந்த பரப்பில் வேறெந்தப் பசையும் சரியாக ஒட்டாது, இன்னொரு பூச்சு சிலிக்கன்கூட ஒட்டாது. பிறகு முறையாகச் செய்ய வருபவர் முழுவதையும் சுரண்டி எடுக்க வேண்டும். நீங்களே கை வைத்துவிட்டீர்கள் என்று வாரண்டியில் ஒரு சண்டையும் கிளம்பும்.

இரண்டாம் தடவை கடைக்குப் போனபோது ஈரமானியைக் கொண்டுவந்தார்கள். இரண்டு ஊசியைப் பலகையில் குத்தி, நடுவே மின்தடையைப் பார்க்கும் கருவி. காய்ந்த மரம் மின்சாரத்தை அநேகமாக விடாது. ஈரம் ஏற ஏறத் தடை ஆயிரம் மடங்கு, லட்சம் மடங்கு என்று சரியும். அதைத்தான் சதவீதமாக மாற்றிக் காட்டுகிறது. 20 சதவீதத்தைத் தாண்டினால் மரத்தை அரிக்கும் பூஞ்சைக்கு வாழ இடம் கிடைத்துவிடும். ஏறக்குறைய 30-ல் மரநாரின் சுவர்கள் முழுக்க நிரம்பிவிடும். அதற்கு மேல் இருப்பது நாரின் குழிகளில் நிற்கும் வெறும் தண்ணீர்.

ஆனால் இந்த எண்ணை ஊர் பார்த்துத்தான் படிக்க வேண்டும். மரம் சுற்றியுள்ள காற்றோடு பேசிக்கொண்டே இருக்கும். காற்றின் ஈரப்பதம் 75, 80 சதவீதம் என்று நிற்கும் டர்பன் கோடையில், எந்த ஒழுகலும் இல்லாத நல்ல மரமே 14, 16 காட்டும். அதே மரத்தை ஜோகன்னஸ்பர்க் குளிர்கால வறட்சியில் வைத்தால் 7, 8-க்கு இறங்கிவிடும். அதனால் ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு கூச்சல் போடுவதில் பயனில்லை. ஒரே நாளில் சுவர் நெடுக ஒரு முழத்துக்கு ஓரிடம் குத்தி எழுதினால் கதை தெரியும். அத்தான் கேரவனில் மற்ற இடமெல்லாம் 15. வலது மூலை 34. அங்கிருந்து மேலே போகப் போக 28, 26, 23. ஈரம் வந்த வழி படிக்கட்டு மாதிரி கூரை வரைக்கும் போனது. கூரையோரச் சட்டத்துக்குக் கீழே ஓரிடத்தில் மறுபடி 31.

அப்புறம் பழுது பார்க்க வந்தவர் ஒரு வேலை செய்தார். வேடிக்கை பார்க்கவே ஆசையாக இருந்தது. ஜன்னல், கதவு, காற்றுத்துளை எல்லாவற்றையும் நாடா ஒட்டி மூடினார். ஒரு ஊதியால் உள்ளே காற்றை மெல்ல ஏற்றினார். வெளியே சோப்புநீரைத் தெளித்துக்கொண்டே வந்தார். சட்டத்தின் மூன்றாவது திருகுக்கும் நான்காவது திருகுக்கும் நடுவில் குமிழ் குமிழாக நுரைத்தது. காற்று வெளியே வரும் வழிதான் தண்ணீர் உள்ளே போகும் வழி. சைக்கிள் டியூபை வாளித்தண்ணீரில் முக்கிப் பார்க்கும் அதே உத்தி, டியூப்தான் பெரிது.

சட்டத்தைக் கழற்றினார்கள். பட்டை இரண்டு துண்டாக ஒட்டப்பட்டிருந்தது. நடுவில் ஒரு தீக்குச்சி அகலத்துக்கு வெறும் தகடு. அடியில் இருந்த இரும்புத் திருகைச் சுற்றி வெள்ளைத் தூள் பூத்திருந்தது. உப்புக்காற்று ஈரத்தில் இரும்பும் அலுமினியமும் தொட்டுக்கொண்டு நின்றால் அந்த இடமே ஒரு குட்டி மின்கலம். அதில் கரைந்துபோவது அலுமினியம்.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன், அலுமினியச் சட்டத்துக்கு அல்ல. தென்னாப்பிரிக்காவின் 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 56-ஆம் பிரிவு. பொருள் கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், பழுது பார்ப்பதா, மாற்றித் தருவதா, பணம் திருப்பித் தருவதா என்பதை வாங்கியவர் சொல்லலாம். பழுது பார்த்து மூன்று மாதத்துக்குள் அதே குறை தீராமல் நின்றாலோ புதிதாக ஒன்று முளைத்தாலோ, மறுபடி பழுதுபார்ப்பு என்ற பேச்சு கிடையாது: மாற்று, அல்லது பணம். ஆனால் ஒவ்வொரு சின்னக் கோளாறும் சட்டம் சொல்லும் ‘குறை’ ஆகிவிடாது என்று உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 2021-ல் ஒரு கார் வழக்கில் சொல்லியிருக்கிறது. தளர்ந்த கைப்பிடியும் ஊறும் சுவரும் ஒன்றல்ல. அத்தான் கணக்குப்படி ஐந்தே வாரம்தான் ஆகியிருந்தது, பணத்தைத் திருப்பிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அக்காவுக்கு அந்தக் கேரவனின் சமையல் மேடை பிடித்துப்போயிருந்தது. சுவரைத் திறந்து, காய வைத்து, படம் எடுத்து, நீர் எங்கே நுழைந்தது என்பதை ஜாப் கார்டில் எழுதித் தந்தால் போதும் என்றார் அத்தான். முதல் ஜாப் கார்டில் ‘ஈரம் சரிசெய்யப்பட்டது’ என்று ஒரே வரிதான் இருந்தது. அந்த வரியை வைத்துக்கொண்டு யாரும் எதையும் நிரூபிக்க முடியாது.

காய வைப்பதும் நாள் பிடிக்கும் வேலை. ஒருபக்கம் தகடு, மறுபக்கம் தாள், நடுவில் ஊறிய மரம். வாரக்கணக்கில் ஆகும். மூன்று நாளில் முடித்துத் தருகிறோம் என்றால் ஈரத்தின் மேலேயே பலகை அடிக்கிறார்கள் என்று அர்த்தம்.

தரையையும் பார்க்கச் சொன்னேன். கதவருகே மிதித்தால் நெறுநெறுவென்றது. தரை என்பது இரண்டு ஒட்டுப்பலகைக்கு நடுவே நுரை வைத்து ஒட்டியது. ஒட்டு பிடித்திருக்கும்வரை மேல்பலகை அமுங்கும், கீழ்பலகை இழுபடும், இரண்டும் சேர்ந்து ஒரு உத்தரம் போல நிற்கும். ஒட்டு விட்டுப்போனால் தனித்தனி மெல்லிய பலகைகள்தான். நான்கு மில்லிமீட்டர்ப் பலகை இரண்டு, மூன்று சென்டிமீட்டர் இடைவெளி என்று வைத்துக் கணக்குப் போட்டால் விறைப்பு நூறு மடங்குக்கு மேல் விழுகிறது. துளைபோட்டு எபாக்சிப் பசை செலுத்தி, மேலே பாரம் ஏற்றி ஒட்டவைத்தார்கள். நின்றுவிட்டது.

எல்லாப் புகாரும் குறை இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இரட்டை அக்ரிலிக் ஜன்னலுக்குள் பனி படிந்திருக்கிறது என்று அத்தான் பட்டியலில் எழுதியிருந்தார். அக்ரிலிக் வழியாக நீராவி கொஞ்சம் கொஞ்சமாக ஊடுருவும். காய்ந்த நாளில் ஓரத்துச் சின்ன மூடியைக் கழற்றி வைத்தால் போய்விடும். வான் ரீனன் கணவாய் ஏறும்போது சிப்ஸ் பாக்கெட் உப்புகிறதே, அந்த ஜன்னலும் அதேபோல் உப்பி, இறங்கும்போது ஈரக் கடற்காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

குளிர்பெட்டி வேறு கதை. வண்டி ஓடும்போது குளிரவில்லை என்று பெட்டியையே மாற்றித் தந்தார்கள். புதுப்பெட்டியும் குளிரவில்லை. பக்கி மின்கலத்திலிருந்து பெட்டிவரை எட்டு மீட்டர், திரும்பி வர எட்டு. இரண்டரைச் சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் 12 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே ஏறக்குறைய 1.4 வோல்ட் தொலைந்துபோகும். இந்த வகைக் குளிர்பெட்டி ஒரு வெப்பச்சுருளின் சூட்டால் இயங்குவது. அந்தச் சுருளின் சக்தி வோல்ட்டின் வர்க்கத்தைப் பொறுத்தது, அதனால் 12-ல் 1.4 போனாலே சக்தியில் ஐந்தில் ஒரு பங்கு காணாமல் போகிறது. தடித்த கம்பி போட்டதும் பழைய பெட்டியே போதுமாயிருந்திருக்கும். அது அதற்குள் ஆலைக்குப் போய்விட்டது.

கேரவன் ஆறு வாரம் கழித்து வீடு வந்தது. அத்தான் சொந்தமாக ஒரு ஈரமானி வாங்கி வைத்திருக்கிறார். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் அதே பன்னிரண்டு இடங்களில் குத்தி, பழைய பால்கணக்கு நோட்டில் தேதி போட்டு எழுதுகிறார். போன ஞாயிற்றுக்கிழமை வலது மூலை 15 காட்டியது. அக்கா மட்டும் இன்னும் மெத்தையைத் தூக்கி மோந்து பார்த்துவிட்டுத்தான் படுக்கிறார்.