மலைக்குப் போங்கள், மாத்திரையை விட்டுவிட்டுப் போகாதீர்கள்

சாரல் விழத் தொடங்கிவிட்டால் எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் யாருக்கும் வீட்டில் கால் தரிப்பதில்லை. குற்றாலம், பாபநாசம், மணிமுத்தாறு, மாஞ்சோலை என்று சனிக்கிழமை விடியும்போதே வண்டிகள் மேற்கே திரும்பிவிடுகின்றன. அவற்றில் ஒன்றிரண்டு, ஞாயிறு நள்ளிரவில் மருத்துவமனை வாசலில் வந்து நிற்கின்றன. அருவியில் வழுக்கி விழுந்தவர்களைப் பற்றி நான் இங்கே எழுதவில்லை. இதயத்துக்கோ சர்க்கரைக்கோ ஆண்டுக்கணக்கில் ஒழுங்காக மருந்து சாப்பிட்டு நலமாக இருந்தவர்கள், இரண்டு நாள் மலைப் பயணத்தில் அந்த மருந்தை நிறுத்திவிட்டு, உயிருக்குப் போராடும் நிலையில் வருகிறார்களே, அவர்களைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஒவ்வொரு ஆண்டும் நேரில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், இந்த முறை எழுதியே ஆகவேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

அண்மையில் வந்தவர் அறுபதை நெருங்குகிறவர். அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். முன்பு ஒரு மாரடைப்பு வந்து இதயம் பலவீனப்பட்டிருந்தாலும், மருந்துகளின் துணையோடு கடைக்குப் போய் வந்து, பேரப்பிள்ளையைப் பள்ளியில் விட்டு, நன்றாகவே இருந்தவர். பள்ளித் தோழர் ஒருவரோடு மாஞ்சோலைக்குப் போய் மேலே ஓர் இரவு தங்கியிருக்கிறார். வந்து சேர்ந்தபோது அவரைப் படுக்கவைக்க முடியவில்லை. ஸ்ட்ரெச்சரின் கம்பியை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டு, முன்னால் குனிந்து, ஒவ்வொரு மூச்சையும் இழுத்து வாங்கிக்கொண்டிருந்தார். வாயோரத்தில் நுரை. நுரையீரல் முழுக்க நீர். என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று நண்பரிடம் கேட்டபோது, "அவனுக்கு நோய் இருக்குன்னே எனக்குத் தெரியாது சார்" என்றார். பையைத் திறந்து பார்த்தோம். மனைவி பேனாவால் 'காலை', 'இரவு' என்று எழுதி, ஸ்டேப்ளர் அடித்துக் கொடுத்த காகித உறைகள் வரிசையாக இருந்தன. ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை.

அவர் பிழைத்துக்கொண்டார். தேறி உட்கார்ந்தபின் காரணம் கேட்டேன். "நீர் மாத்திரை போட்டா அடிக்கடி ஒண்ணுக்கு வரும் சார், மலை ரோட்டுல எங்க போயி நிக்க? நல்ல காத்து, மூலிகைத் தண்ணி, ரெண்டு நாளுதான, ஒண்ணும் செய்யாதுன்னு நெனச்சேன்" என்றார். நீர் மாத்திரையை மட்டும் விட்டிருந்தால்கூட அவர் சொன்ன காரணம் பொருந்தும். அவர் எல்லாவற்றையும் விட்டிருந்தார். இந்த 'ரெண்டு நாளுதான' என்ற வாக்கியத்தைப் படித்தவர், படிக்காதவர் என்ற வேறுபாடில்லாமல் எல்லோர் வாயிலிருந்தும் கேட்கிறேன். ஆகவே இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டியிருக்கிறது.

பொதிகை மலையில் மூலிகைகள் இருக்கின்றன; அதை யாரும் மறுக்கவில்லை. மூலிகை மேல் பட்டு வரும் காற்றும் தண்ணீரும் மருந்தாகிவிடும் என்பதுதான் தவறு. பாளையங்கோட்டையில் 1964-இல் தொடங்கிய அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே போய்க் கேளுங்கள். எந்த மூலிகை, எந்தப் பகுதி, எவ்வளவு அளவு, எத்தனை நாள், என்ன பத்தியம் என்று கணக்குப் பார்த்துத்தான் அவர்களும் மருந்து கொடுக்கிறார்கள். காற்று வாங்கினால் ரத்த அழுத்தம் குறையும் என்று எந்தச் சித்த மருத்துவரும் மருந்துச்சீட்டில் எழுதுவதில்லை. அருவியில் குளித்து எழுந்ததும் உடம்பு லேசாகி, மனம் குளிர்ந்து, பசி எடுப்பது உண்மை. அந்தச் சுகம் எனக்கும் பிடிக்கும். ஆனால் குளிர்ந்த நீர் தலையில் விழும் அந்த நேரத்தில் ரத்தக் குழாய்கள் சுருங்கி, ரத்த அழுத்தம் ஏறத்தான் செய்கிறது. மாத்திரையை விட்டவருக்கு அது இரட்டைச் சுமை.

இந்தத் தவறான நம்பிக்கை சாகாமல் இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. எல்லா மாத்திரைகளும் ஒரே வேகத்தில் உடம்பை விட்டுப் போவதில்லை. ரத்த அழுத்தத்துக்குப் பலரும் சாப்பிடும் அம்லோடிபின் ஒருநாள் விட்டாலும் உள்ளே மிச்சம் இருந்து வேலை செய்யும். அதனால் முதல்நாள் மாத்திரை போடாதவர், தனக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று மகிழ்ந்து, மலைக்காற்றுக்குப் பாராட்டுப் பத்திரம் வாசிக்கிறார். நேற்று வரை போட்ட மாத்திரைதான் அவரைத் தாங்கிக்கொண்டிருக்கிறது என்பது அவருக்குத் தெரிவதில்லை. இதய நோயாளிகள் பலரும் சாப்பிடும் ஃப்யூரோசமைடு போன்ற நீர் மாத்திரையோ ஏறத்தாழ ஆறு மணி நேரத்தில் வேலையை முடித்துக்கொள்ளும். அதை இரண்டு நாள் விட்டால், புளியோதரையோடு தின்ற ஊறுகாயும் வற்றலும் அப்பளமும் கொண்டுவந்த உப்பு, நீரைப் பிடித்து உடம்பிலேயே நிறுத்திவிடும். இதயத் துடிப்பைக் குறைக்கும் மெட்டோப்ரோலால் போன்ற மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்தினால், அடக்கி வைத்திருந்த துடிப்பும் அழுத்தமும் முன்பைவிட வேகமாக எழும்; நெஞ்சுவலியும் மாரடைப்பும்கூட வரலாம். அடைபட்ட இதய ரத்தக் குழாயை விரித்துவைக்க ஸ்டென்ட் என்னும் வலைக்குழாய் வைத்த முதல் சில மாதங்களில் ரத்தம் உறையாமல் காக்கும் மாத்திரையை விடுவது, வைத்த ஸ்டென்ட்டை அடைத்துக்கொள்ள நாமே வழிவிடுவதாகும். வலிப்பு மாத்திரையை விட்டுவிட்டு, இரவெல்லாம் நண்பர்களோடு விழித்திருந்துவிட்டு, காலையில் அருவிக்கடியில் போய் நிற்பவரைப் பற்றி நினைத்தாலே எனக்கு மனம் பதறுகிறது. இவற்றில் எது எத்தனை நாள் தாங்கும் என்று நோயாளி வீட்டில் உட்கார்ந்து முடிவுசெய்ய முடியாது. நாங்களே ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக யோசித்துத்தான் சொல்கிறோம்.

இதற்கு நேர்மாறான ஒரு பயமும் சிலருக்கு இருக்கிறது. மலையில் ஆக்சிஜன் கிடைக்காது என்று கைக்குட்டையில் கற்பூரத்தை முடிந்து முகர்ந்துகொண்டே போகிறார்கள். கற்பூரம் ரத்தத்தில் ஆக்சிஜனை ஏற்றாது. உயரத்தால் வரும் நோய் பெரும்பாலும் 2,500 மீட்டருக்கு மேல்தான் தலைகாட்டும். மாஞ்சோலையும் அதற்கு மேலுள்ள நாலுமுக்குத் தேயிலைத் தோட்டமும் ஆயிரம் மீட்டரைத் தாண்டியவைதான் என்றாலும், கொடைக்கானலின் உயரம்கூட அவற்றுக்குக் கிடையாது. அங்கே ஆபத்து உயரத்தில் இல்லை, தூரத்தில் இருக்கிறது. குறுகலான, வளைவு வளைவான சாலை. பல இடங்களில் அலைபேசிக்குச் சிக்னல் இல்லை. 108-ஐ அழைக்கவே வண்டியைக் கீழே இறக்கவேண்டும். 2024-இல் தேயிலைத் தோட்டத்தின் வேலை நின்று பல குடும்பங்கள் இறங்கிவிட்டபின், மேலே ஆள் நடமாட்டமே குறைந்துவிட்டது. தோட்டத்து ஆஸ்பத்திரியை நம்பிப் போன காலம் இனி இல்லை. மாஞ்சோலையைச் சுற்றியுள்ள களக்காடு முண்டந்துறைக் காடு 1988 முதல் புலிகள் காப்பகம். அங்கே காடுதான் முதலில், நாம் அடுத்துத்தான். நினைத்த நேரத்துக்கு நினைத்த வழியில் ஓட்டிக்கொண்டு வர அது நெடுஞ்சாலை அல்ல.

சர்க்கரை நோயாளிகளுக்கு வரும் ஆபத்து வேறு மாதிரியானது. அவர்கள் ஊசியையோ மாத்திரையையோ விடாமல் போட்டுக்கொண்டு, சாப்பாட்டை விடுகிறார்கள். காலையில் இன்சுலின் போட்டாயிற்று, அம்பாசமுத்திரத்தில் இட்லி சாப்பிடலாம் என்று கிளம்புகிறார்கள். வனத்துறைச் சோதனைச் சாவடியில் வரிசை நிற்கிறது. மேலே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஏறுகிறார்கள். வளைவுகளில் குடல் புரட்டி, தின்ற கொஞ்சமும் வாந்தியாகிவிடுகிறது. அதற்குமேல் ஏற்றத்தில் நடக்கிறார்கள். வியர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறும்போது, கூட வந்தவர் இவன் எங்கேயோ குடித்துவிட்டான் என்று நினைத்து, தூங்கி எழுந்தால் தெளிந்துவிடும் என்று பின்சீட்டில் படுக்கவைத்த கதையை நான் கேட்டிருக்கிறேன். இன்னொரு நண்பர், நோயாளிக்குச் சர்க்கரை குறைந்துவிட்டது என்று சரியாகவே கண்டுபிடித்து, பையிலிருந்த அல்வாவை அரைமயக்கத்தில் இருந்தவர் வாயில் திணித்தார். நெய் கலந்த இனிப்பு வயிற்றைவிட்டு இறங்கிச் சர்க்கரையை ஏற்ற நேரமாகும். அதற்குள் அது மூச்சுக்குழாயில் போய் அடைத்துக்கொண்டால் நிலைமை இன்னும் மோசமாகும். விழுங்கும் நிலையில் இருப்பவருக்கு மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையோ குளுக்கோஸ் பொடியோ தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். பதினைந்து நிமிடத்தில் தெளியாவிட்டால் மறுபடியும் கொடுங்கள். தெளிந்ததும் சோறோ பிஸ்கட்டோ சாப்பிடவையுங்கள். நினைவில்லாதவருக்கு வாய்வழி எதுவும், தண்ணீர்கூட, கொடுக்கக் கூடாது; ஒருக்களித்துப் படுக்கவைத்து வண்டியைக் கீழே விடுங்கள். நன்றாக நடந்த அன்று இரவு, தூக்கத்திலும் சர்க்கரை குறையலாம் என்பதால், படுக்கும் முன் ஒருமுறை குளுக்கோமீட்டரில் பார்த்துவிட்டுப் படுங்கள்.

அட்டைகளைப் பற்றியும் சொல்லவேண்டும். மழைக்காலத்தில் மாஞ்சோலைப் பக்கம் அட்டை கடிக்காமல் திரும்புவது அரிது. அதன் எச்சில் ரத்தத்தை உறையவிடாது. ரத்தம் உறையாமலிருக்க ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவருக்குக் கடிவாயிலிருந்து மணிக்கணக்கில் கசியும். பயந்து அந்த மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். சுத்தமான துணியை மடித்து வைத்து, இடையில் எடுத்து எடுத்துப் பார்க்காமல், நன்றாக அழுத்திப் பிடியுங்கள். சர்க்கரையால் காலில் உணர்ச்சி குறைந்தவர்கள் வெறுங்காலோடு பாறையில் நடக்கவே கூடாது. முள் ஏறியதும் அவர்களுக்குத் தெரியாது, அட்டை கடித்ததும் தெரியாது. ஆஸ்துமா உள்ளவர்கள் இன்ஹேலரைப் பெட்டிக்குள் வைத்து வண்டியின் டிக்கியில் போடாமல், சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி நண்பரைப் பற்றி. மேலே சொன்ன இதய நோயாளி, முதல் இரவே படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்து தூங்கியிருக்கிறார். மறுநாள் இருமல். மாலையில் நாலடி நடக்க முடியவில்லை. நண்பர் கேட்டபோதெல்லாம், "வாயு பிடிச்சிருக்குல, சுக்குத்தண்ணி குடிச்சா சரியாப் போயிரும்" என்றே சொல்லியிருக்கிறார். இதயம் பலவீனமானவர் என்று அந்த நண்பருக்குத் தெரிந்திருந்தால், முதல் இரவே வண்டியை எடுத்திருப்பார். நாற்பது ஆண்டுப் பழக்கம், ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள், வீட்டுக் கல்யாணத்துக்கு முன்னின்றவர்கள். நோயை மட்டும் மறைத்துவிடுகிறோம். சொன்னால் கூட்டிப் போகமாட்டான், இரக்கப்படுவான் என்ற கூச்சம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் உங்களைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன், கூட வருகிறவரிடம் சொல்லிவிடுங்கள். உங்களோடு மலையேறுகிற ஒரே ஆள் அவர்தான். அங்கே உங்களுக்கு மனைவியும் பிள்ளையும் மருத்துவரும் அவர்தான். நண்பர்களே, நீங்களும் கேளுங்கள். என்ன நோய், என்ன மாத்திரை, ஒவ்வாமை உண்டா என்று கிளம்பும் முன் கேட்பது அவமரியாதை ஆகாது. மாத்திரை போட்டாயா என்று வேளாவேளைக்குக் கேட்பதும், 'ஒருநாள்தானே, ஒரு ரவுண்டு' என்று கிளாஸை நீட்டாமலிருப்பதும் உங்கள் பொறுப்பு. மது, சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையோடு சேர்ந்தால் ஆளைச் சாய்த்துவிடும்.

மருந்தைப் பயண நாட்களுக்கு வேண்டியதைவிட மூன்று நாள் கூடுதலாக, இரண்டு பங்காகப் பிரித்து, இரண்டு பேர் பையிலும் வையுங்கள். மழையில் சாலை அடைத்துக்கொள்வது இங்கே புதிதல்ல. மாத்திரை தீர்ந்துவிட்டது என்ற சாக்கு வேண்டாம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். இன்சுலினை வெயிலில் நிறுத்திய காருக்குள் விடாதீர்கள், ஐஸ் கட்டியோடும் நேராக ஒட்டி வைக்காதீர்கள்; உறைந்துபோன இன்சுலின் உருகினாலும் பயன்படாது. நீர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு வழி இருக்கிறது. பயண நாளில் அதிகாலையில் போடாமல், போய்ச் சேர்ந்தபின் போட்டுக்கொள்ளலாமா என்று உங்கள் மருத்துவரைக் கேளுங்கள்; பெரும்பாலும் சரி என்பார். படுத்தால் மூச்சு முட்டினாலோ, நெஞ்சு அழுத்தினாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் வனத்துறை ஊழியரிடம் சொல்லி அப்போதே இறங்குங்கள். முதலில் அம்பாசமுத்திரம் அரசு மருத்துவமனை. அதற்குமேல் தேவையென்றால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை.

நாள்பட்ட நோய் இருந்தால் மலைக்கே போகக்கூடாது என்று நான் சொன்னதில்லை. பழைய நண்பனோடு இரண்டு நாள் பச்சையைப் பார்த்து வருவது, வீட்டில் சோர்ந்து கிடக்கும் நோயாளிக்கு எவ்வளவு தெம்பு தருகிறது என்பதை நான் கண்கூடாகப் பார்த்திருக்கிறேன். பயணத்துக்கு ஒரு வாரம் முன்னால் உங்கள் மருத்துவரைப் போய்ப் பாருங்கள். கால் வீங்கியிருந்தாலோ, அண்மையில் மருந்து மாற்றியிருந்தாலோ, தேதியைத் தள்ளிப்போடச் சொல்வார். மற்றவர்களுக்கு எதை எந்த நேரத்தில் போடவேண்டும் என்று எழுதித் தருவார். அன்றைக்கு அந்த நண்பரையும் கையோடு அழைத்துப் போங்கள், அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொள்ளப் பத்து நிமிடம் போதும்.